காணாமற்போகும் குஞ்சுகள் யாருடைய கணக்கில்?

நீண்ட பதிவு. கால்நடை அறிவியல், காட்டுயிர் உயிரியல், ஊரக வளர்ச்சி ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் நண்பர்கள் பொறுமையுடன் முழுவதும் வாசித்து, மறுக்க வேண்டியதை மறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் கோழி முதலான வளர்ப்புப் பறவைகள் 85.18 கோடி என்றது. இவற்றுள் புறக்கடையில் வளர்பவை 31.7 கோடி. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் வணிகப் பண்ணைப் பறவைகள் 4.5 விழுக்காடே பெருகியிருக்க, புறக்கடைப் பறவைகள் 45.8 விழுக்காடு பெருகியுள்ளன. ஊரகப் பெண்களின் கையில் சேரும் பணம், குழந்தையின் தட்டுக்கு வரும் முட்டை, நிலமற்ற குடும்பத்தின் அவசரச் சேமிப்பு என்று எதைப் பேசினாலும் நம் கருத்தரங்குகளில் இந்த எண்ணே முன்னால் வந்து நிற்கிறது. ஆனால் கணக்கெடுப்பாளர், தாம் வாசலில் நிற்கும் நாளில் உயிரோடிருக்கும் பறவையை மட்டுமே எண்ணுகிறார். போன மாதம் பருந்து தூக்கிச் சென்ற குஞ்சுகளையும், நேற்றிரவு காட்டுப்பூனை கவ்விச் சென்ற அடைக்கோழியையும் அவர் எண்ணுவதில்லை.

நோயால் மடியும் கோழிக்கு உடல் மிஞ்சுகிறது. அதை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லலாம், உடற்கூறாய்வு செய்யலாம், மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வெள்ளைக்கழிச்சலுக்குப் பெயர் உண்டு, தடுப்பூசி உண்டு, போடவேண்டிய வாரக்கணக்கு உண்டு, அதற்கென ஒதுக்கீடும் உண்டு. கீரி தூக்கிய குஞ்சுக்கு உடல் இல்லை. மாலையில் தாய்க்கோழி பன்னிரண்டுக்குப் பதில் ஒன்பதோடு திரும்புகிறது, அவ்வளவே. நம் ஆய்வேடுகளின் இழப்பு அட்டவணைகளைப் புரட்டிப் பாருங்கள். நோய்களுக்குத் தனித்தனி வரிசைகள் இருக்கும். வேட்டையாடிகள் அனைத்துக்கும் சேர்த்து ஒற்றை வரிசை இருக்கும். அதுவும் வளர்ப்பவர் நினைவிலிருந்து சொன்ன எண்ணிக்கையாக இருக்கும். எந்த விலங்கு, எந்த நேரம், குஞ்சின் வயது என்ன, கூடு எப்படி இருந்தது என்ற கேள்விகள் கேட்கப்பட்டிருக்கா. பரிந்துரைப் பகுதிக்கு வந்தால், 'பராமரிப்பில் கவனம் தேவை' என்ற ஒரு வரியோடு பொறுப்பு அந்தப் பெண்ணின் தலையில் இறக்கி வைக்கப்பட்டிருக்கும்.

இந்தப் பதிவு அந்த ஒரு வரிக்கு எதிரானது. புறக்கடைக் கோழியையும் குஞ்சையும் வேட்டையாடிகளிடமிருந்து காப்பது, ஒரு வீட்டுப் பெண்ணின் கவனத்தையோ கவனக்குறைவையோ பொறுத்த தனிப்பட்ட காரியமாக ஆக்கப்பட்டுவிட்டது. அது பொதுக் கொள்கையின் காரியம் என்பது என் வாதம். அதை அவ்வாறு காண மறுப்பதில் கால்நடை அறிவியலுக்கும், காட்டுயிர்ப் பாதுகாப்புக்கும், அரசுத் திட்டங்களுக்கும் சமமான பங்கு உண்டு.

முதலில் கோழியிலிருந்தே தொடங்குவோம். வீட்டுக்கோழி, செங்காட்டுக்கோழியின் வழிவந்தது. புதர் அடர்ந்த காட்டில் தரையில் மேய்ந்து, இரவில் கிளையேறி உறங்கி, மேலிருந்தும் கீழிருந்தும் வரும் எதிரிகளுக்கு நடுவே வாழ்ந்த பறவை அது. அந்த வாழ்வின் தடம் அதன் குரலில் இன்றும் உள்ளது. 1990களின் தொடக்கத்தில் கிறிஸ்டோபர் எவன்ஸ், பீட்டர் மார்லர் உள்ளிட்டோர் நடத்திய சோதனைகள் இதைத் தெளிவாக்கின. வானத்து எதிரிக்கு ஒரு குரல், தரையில் வரும் எதிரிக்கு வேறொரு குரல். முதற்குரலைக் கேட்ட பெட்டை மறைவிடம் தேடி ஓடிப் பதுங்கி மேலே பார்க்கிறது. இரண்டாவதைக் கேட்டால் கழுத்தை நிமிர்த்திச் சுற்றிலும் நோட்டமிடுகிறது. எதிரியைக் காணாமலேயே, குரலை மட்டும் கேட்டே இவ்வாறு செய்கிறது. தாயின் பின்னே மேயும் குஞ்சுகள் இந்தக் குரல்களுக்கு நடுவிலேயே வளர்கின்றன. நிழல் விழுந்ததும் சிறகடியில் ஒடுங்குவதும், சிலிர்த்துக்கொண்டு பூனைமேல் பாயும் தாயின் பின்னே நிற்பதும் அவற்றின் முதல் வாரங்களின் பாடம். கோழி மிதித்துக் குஞ்சு முடமாவதில்லை என்று சொல்லிவந்த சமூகம் தாய்க்கோழியின் இந்த வேலையை நன்கறிந்தது.

நம் மேம்படுத்தப்பட்ட இனங்கள் இந்த இடத்தில் என்ன செய்கின்றன? ஹைதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்ககத்தின் வனராஜாவும் கிராமப்பிரியாவும், பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் கிரிராஜாவும் புறக்கடைக்கெனவே உருவாக்கப்பட்டவை. முட்டை எண்ணிக்கையிலும் உடல் எடையிலும் அவை நாட்டுக்கோழியை விஞ்சுகின்றன. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதிக முட்டைக்கான தேர்வு, அடைகாக்கும் இயல்பைக் குறைக்கும் தேர்வும் ஆகும். அடைகிடக்கும் பெட்டை முட்டையிடுவதை நிறுத்திவிடுகிறது. ஆகவே அடைகிடப்பது உற்பத்திக் கணக்கில் நட்டம். இக்குஞ்சுகள் பொரிப்பகத்தில் பொரிந்து, செயற்கை வெப்பத்தில் நான்கு வாரம் போல வளர்ந்து, பின் பயனாளியின் முற்றத்தில் இறக்கிவிடப்படுகின்றன. அவை அதுவரை வளரும் இடத்துக்கு அரசு ஆவணங்கள் வைத்திருக்கும் பெயர் 'தாய் அலகு'. அங்கே இல்லாதது தாய் ஒன்றுதான். பருந்தின் நிழலை ஒருமுறையும் காணாமல், எச்சரிக்கைக் குரல் ஒன்றையும் கேளாமல் வளர்ந்த குஞ்சு, ஒருநாள் காலையில் காகமும் கீரியும் நாயும் உலவும் திறந்தவெளிக்கு வருகிறது. முதல் வாரத்திலேயே எண்ணிக்கை குறைந்தால் குற்றம் யாருடையது?

இவ்வினங்களைப் பற்றிய விவரக்குறிப்புகள், நீண்ட கால்களும் பல்வண்ண இறகும் இருப்பதால் இவை எதிரிகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளும் என்று உறுதி கூறுகின்றன. வெள்ளை இறைச்சிக்கோழியைவிட மேல் என்ற அளவில் அது சரியாக இருக்கலாம். ஆனால் முட்டை எண்ணிக்கையை ஒற்றை இலக்கத் துல்லியத்தோடு தரும் அதே குறிப்பு, தப்பிக்கும் திறனுக்கு எண் எதையும் தருவதில்லை. அளக்கப்படாத குணத்தை விற்பனைக் குணமாகச் சொல்வது விளம்பரத்தின் வழக்கம். ஆராய்ச்சி நிறுவனம் அவ்வழக்கை மேற்கொள்ளக் கூடாது. முட்டையை அளக்க முப்பது ஆண்டுகள் செலவிட்ட துறை, திறந்த முற்றத்தில் எட்டு வாரம் கடந்து உயிர்பிழைக்கும் குஞ்சுகளின் விகிதத்தையும் அளந்து, அதையும் இனத்தேர்வின் அளவுகோலாக வைத்திருக்க வேண்டும். ஓர் இனம் ஆண்டுக்கு எத்தனை முட்டை இடும் என்பது பெண்ணுக்குப் பயன்படும் எண்தான். பத்துக் குஞ்சில் எத்தனை மிஞ்சும் என்பது அதைவிடப் பயன்படும் எண்.

அடுத்தது கூடு. நம் நாட்டில் கோழிக்கூட்டுக்கு மொழிதோறும் பெயர் உண்டு. தமிழில் பஞ்சாரம், தெலுங்கில் கம்ப்ப, மராத்தியில் குராடா, இந்தியில் தட்பா. பஞ்சாரமும் கம்ப்பவும் பின்னிய கூடைகள். பகலில் தாயையும் குஞ்சையும் கவிழ்த்து மூடுவதற்குச் சிறந்தவை. காகத்தையும் பருந்தையும் அவை தடுக்கும். இரவில் நாய் ஒன்று மூக்கால் நெம்பினால் கவிழ்ந்துவிடும். மண்ணாலும் பலகையாலும் ஆன இரவுக் கூட்டில் கதவு பெரும்பாலும் ஒரு கல்லும் ஒரு தகரத்துண்டுமே. இந்தக் குறையைச் சரிசெய்ய வந்தவர்கள் பரிந்துரைப்பது கடையில் 'கோழிவலை' என்ற பெயரில் கிடைக்கும் அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கம்பி வலை. அந்த வலையின் பணி கோழியை உள்ளே வைத்திருப்பது. எதிரியை வெளியே நிறுத்தும் வலிமை அதற்கு இல்லை. நாயும் காட்டுப்பூனையும் அதைப் பிய்த்துவிடும்; எலியும் குட்டிப்பாம்பும் அதன் கண்வழியே நுழைந்துவிடும்.

அரைகுறைக் கூடு, கூடே இல்லாததைவிடக் கொடியது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே இரவில் பத்துக் கோழிகளைக் கடித்துப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் தூக்கிச் சென்ற விலங்கைப் பற்றி ஊர்களில் பேசும்போது, அது வெறிபிடித்தது, வன்மம் கொண்டது என்பார்கள். விலங்கியலர் ஹான்ஸ் குரூக் 1972ஆம் ஆண்டில் இந்நடத்தையை 'மிகைக்கொலை' என்ற பொருளில் விளக்கினார். இருண்ட இரவுகளில் கடற்காகங்கள் பறந்து தப்பாமல் கூட்டமாகத் தரையில் அமர்ந்திருந்தபோது, நரிகள் தின்னும் அளவுக்குப் பன்மடங்கு கூடுதலாகக் கொன்றதை அவர் ஆராய்ந்தார். பசி தீர்ந்தால் தேடல் நிற்கும். ஆனால் கண்முன்னே தப்ப முடியாமல் படபடக்கும் இரை இருந்தால் கடிக்கும் இயல்பு நிற்பதில்லை. வழக்கமாக, ஒன்றைப் பிடித்ததும் மற்றவை ஓடிவிடும். கொலை அத்தோடு முடியும். உறுதியற்ற கூடு அந்த ஓட்டத்தை அடைத்துவிடுகிறது. மரக்கிளையில் உறங்கிய கோழிகளை இறக்கி, பிய்யக்கூடிய வலைக்குள் அடைத்துவிட்டு, அதற்குக் 'கொட்டகை வழங்கல்' என்று பயனாளிப் பட்டியலில் குறித்துக்கொள்ளும் திட்டம், மரநாய்க்குப் பந்தி விரிக்கிறது.

இதே சிக்கல் வேறோர் இடத்தில் அறிவோடு தீர்க்கப்பட்டிருக்கிறது. லடாக்கில் கூரையற்ற கல்பட்டிகளில் இரவு அடைக்கப்படும் ஆடுகளிடையே பனிச்சிறுத்தை குதித்தால், ஒரே இரவில் பட்டியே காலியாகும். சினங்கொண்ட மக்கள் சிறுத்தையைக் கொல்வதும் நடந்தது. ரோட்னி ஜாக்சனும் லடாக்கைச் சேர்ந்த ரின்சென் வாங்சுக்கும் இதை ஆராய்ந்தனர். ஹெமிஸ் பகுதிக் கிராமங்களில் பட்டிக்கு மேலே கம்பிவலைக் கூரையும், இறுக்கமாக மூடும் கதவும் அமைக்கும் பணி ஊராரின் உழைப்போடு நடந்தது. உள்ளே நுழைய வழியில்லாதபோது சிறுத்தை இயற்கை இரையை நாடிச் செல்ல வேண்டியதாயிற்று. மேய்ப்பருக்குப் பழிதீர்க்கும் காரணமும் குறைந்தது. இன்று காட்டுயிர்ப் பாதுகாப்புப் பாடத்தில் இது பாராட்டோடு சொல்லப்படும் எடுத்துக்காட்டு. என் கேள்வி இதுதான்: பனிச்சிறுத்தைக்கும் ஆட்டுக்கும் இடையே நின்ற அறிவியல், காட்டுப்பூனைக்கும் கோழிக்கும் இடையே ஏன் நிற்கவில்லை? கம்பி அதே கம்பி; தத்துவம் அதே தத்துவம். மாறுவது, படம் எடுத்தால் அட்டையில் இடம்பெறும் விலங்கு எது என்பதும், இழந்த பொருளுக்கு உரியவர் யார் என்பதும் மட்டுமே.

காட்டுயிர் ஆய்வில் இருக்கும் நண்பர்களோடு இவ்விடத்தில் வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன். கீரி, மரநாய், காட்டுப்பூனை, உடும்பு, மலைப்பாம்பு யாவும் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. அது சரியானதே. வயல் எலிகளைக் கட்டுக்குள் வைப்பவையும் இவையே. கோழிக்காக இவற்றைக் கொல்லலாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் சட்டம் ஒரு பெண்ணிடம் கேட்பது என்ன? தன் முற்றத்துக்கு வரும் விலங்கை அவள் தொடக்கூடாது. நல்லது. அதற்கு ஈடாகச் சட்டமும் அரசும் அவளுக்குத் தருவது என்ன? மனித-விலங்கு எதிர்கொள்ளல் பற்றிய நம் இழப்பீட்டுப் பேச்சு யானை, புலி, சிறுத்தை, காட்டுப்பன்றியைச் சுற்றியே சுழல்கிறது. கால்நடை இழப்பு என்றால் மாடு, எருமை, ஆடு. ஒரு மாட்டை இழந்த குடும்பத்துக்கு விண்ணப்பிக்க ஒரு படிவமேனும் உண்டு. அடைக்கோழியோடு ஒரு ஈட்டுக் குஞ்சுகளையும் இழந்த பெண்ணுக்கு நம்மிடம் உள்ளது 'சகவாழ்வு' என்ற சொல் மட்டுமே. சகவாழ்வின் செலவு முழுவதையும் ஒரு தரப்பே சுமக்குமானால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

அந்தச் செலவு சுமக்க முடியாததாகும்போது என்ன நடக்கிறது என்பதும் நமக்குத் தெரிந்ததே. செத்த கோழியின் உடலில் பூச்சிக்கொல்லியைத் தடவி வேலியோரம் போடுகிறார்கள். அதைத் தின்பது கீரி மட்டுமன்று. தெருநாய், பருந்து, நரி என வரும் அனைத்தும் சாகின்றன. ஃபோரேட் போன்ற கொடிய குறுணை மருந்துகளுக்கு 2018ஆம் ஆண்டு ஆணையால் 2020 இறுதியோடு தடை வந்தது. ஆனால் நஞ்சு வைக்கத் தூண்டும் காரணத்துக்குத் தடை ஏதும் வரவில்லை. ஹவுரா போன்ற வங்கத்துச் சதுப்புநிலங்களில் அம்மாநில விலங்கான மீன்பிடிப் பூனையே ஆட்டுக்குட்டியையும் கோழியையும் தூக்குவதாகக் கூறிக் கொல்லப்பட்டிருக்கிறது. விழிப்புணர்வுக் கூட்டங்கள் தேவைதான். ஆனால் உறுதியான கதவு இல்லாத வீட்டில் நடத்தும் விழிப்புணர்வு, அந்த வீட்டாரின் இழப்பைக் காணமாட்டேன் என்று சொல்வதாகவே கேட்கும்.

கோழிக்கு விலை வைக்க அரசுக்குத் தெரியாது என்றும் யாரும் சொல்ல முடியாது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோதும், 2008இல் மேற்கு வங்கத்தில் இலட்சக்கணக்கான பறவைகள், அவற்றுள் பெருமளவு புறக்கடைக் கோழிகள், அழிக்கப்பட்டபோதும், முட்டைக்கோழிக்கு இவ்வளவு, இறைச்சிக்கோழிக்கு இவ்வளவு, குஞ்சுக்கு இவ்வளவு என்று அரசு விலைப்பட்டியல் வகுத்தது. மத்திய அரசும் மாநில அரசும் அதைப் பங்கிட்டு ஏற்றன. பொதுநலனுக்காக ஒருவரின் கோழி அழிக்கப்பட்டால் பொதுப்பணத்திலிருந்து ஈடு தரவேண்டும் என்பது அதன் அடிப்படை. காட்டுயிர்ப் பாதுகாப்பும் பொதுநலனே. அந்நலனுக்காகக் கோழியை இழப்பவருக்கு மட்டும் இந்த அடிப்படை ஏன் பொருந்தாது?

இதனால் ஒவ்வொரு குஞ்சுக்கும் இழப்பீடு கேட்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். காணாமற்போன குஞ்சுக்குச் சான்று காட்ட முடியாது. சான்று கேட்கும் திட்டம் சான்று காட்ட இயலாதவரைத் தண்டிக்கும். அலைச்சலின் செலவு குஞ்சின் விலையைத் தாண்டும். ஆகவே சின்னஞ்சிறு இழப்புகள் பலவாக நிகழும் இவ்விடத்தில் நியாயமான ஈடு, இழப்புக்கு முன்பே தரப்படும் தடுப்பேயாகும். இரவுக் கூடும் குஞ்சுப் பட்டியும் திட்டத்தின் பிற்சேர்க்கையாக இருப்பதை விட்டு, முதல் உருப்படியாக வேண்டும். கூடு எழுந்து, கதவு மூடுகிறது என்று உறுதியான பின்பே குஞ்சு வழங்கப்பட வேண்டும்.

நடப்பது இதற்கு எதிர்த்திசையில். தேசியக் கால்நடை இயக்கம் 2021-22இல் மாற்றியமைக்கப்பட்டபோது ஊரகக் கோழி வளர்ப்பின் முகம் தொழில்முனைவோராக மாறியது. பெற்றோர்க் கோழிப்பண்ணை, பொரிப்பகம், தாய் அலகு ஆகியவற்றை அமைப்போருக்கு மூலதனத்தில் 50 விழுக்காடு, 25 இலட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. குஞ்சு உற்பத்தியாகும் இடத்துக்கு இவ்வளவு முதலீடு. அதே குஞ்சு போய்ச் சேரும் முற்றத்துக்கு? ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவோர் ஊற்றும் குழாயை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போவது போன்றது இது. காணாமற்போன குஞ்சுக்குப் பதிலாக அடுத்த குஞ்சு வாங்கப்படும். பொரிப்பகத்துக்கு அது விற்பனை, வளர்ப்பவருக்கு அது கடன்.

எழக்கூடிய மறுப்புகள் மூன்றைச் சந்திக்க வேண்டும்.

முதல் மறுப்பு: 'அவ்வளவு சிக்கல் என்றால் கோழிகளை முழுநேரமும் கூண்டில் அடைத்து வளர்க்கட்டுமே.' இது புறக்கடை வளர்ப்பின் பொருளாதாரத்தை அறியாதவர் கூற்று. அது நிற்பதே தீவனச் செலவின்மையில். புழுவும் பூச்சியும் சிந்திய தானியமும் அடுக்களை மிச்சமும் முட்டையாவதே அதன் இலாபம். அடைத்தால் தீவனம் வாங்க வேண்டும். தீவனம் வாங்கினால் பெரும்பண்ணையின் விலையோடு போட்டியிட வேண்டும். அப்போட்டியில் பத்துக் கோழி வைத்திருப்பவர் தோற்பது உறுதி. பகலில் மேய்ச்சலும் இரவில் காவலும் என்பதே இம்முறையின் இலக்கணம்.

இரண்டாவது மறுப்பு: 'பெண்களுக்கு இதெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தெரியும், நாம் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது?' மரபறிவைப் போற்றும் நம் நண்பர்களிடமிருந்து வருவது இது. தெரியும் என்பது உண்மைதான். கிழக்குக் கோதாவரியின் பழங்குடிப் பெண்களிடையே அசீல் கோழி வளர்ப்பை முன்வைத்து ஆந்த்ரா அமைப்பு செய்த நெடும்பணி, அந்த அறிவின் ஆழத்தை நமக்குக் காட்டியுள்ளது. ஆனால் அந்த அறிவு செயல்படத் தேவையான சூழல் அப்படியே இருக்கிறதா? குஞ்சுக்கு மறைவிடமான வேலிப்புதர்கள் இருந்த இடத்தில் கம்பிவேலியும் மதிலும் வந்துவிட்டன. முற்றத்தில் காவலிருந்த சிறார் இப்போது பள்ளியில் இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும். அவர்களின் தாய்மார் கூலிக்கும் நூறுநாள் வேலைக்கும் போகிறார்கள். அதே 2019 கணக்கெடுப்பு தெருநாய்களின் எண்ணிக்கையை 1.53 கோடி என்றது. ஊர்களில் குப்பை பெருகுமிடத்தில் காகமும் கரும்பருந்தும் பெருகுகின்றன. அறிவு பழையதாக இருக்கலாம், அழுத்தம் புதியது. மரபறிவைப் புகழ்ந்துவிட்டுப் பொருளுதவியை மறுப்பது, புகழ்ச்சியைக் கொண்டு செலவை மிச்சப்படுத்தும் உத்தி.

மூன்றாவது மறுப்பு: 'இது மிகச் சிறிய விஷயம்.' நாட்டுப்பெட்டை ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடுகளாக ஏறத்தாழ ஐம்பது அறுபது முட்டைகளே இடும். அதில் ஒரு ஈட்டை அடைக்கு வைத்தால் இருபத்தொரு நாள் அடை, அதன்பின் இரண்டு மாதம் போலக் குஞ்சுகளோடு அலைச்சல். அந்த ஈடு முழுவதும் போய்விட்டால் அவ்வாண்டின் பெரும்பங்கு போய்விட்டது. மாத ஊதியம் பெறுவோர் கண்ணுக்குச் சில நூறு ரூபாய். வீட்டில் ஆணிடம் கேட்காமல் அவள் செலவிடக்கூடிய ஒரே பணம் அதுவாக இருக்கையில், அதன் அளவை நாம் நிர்ணயிக்கலாகாது.

மேலும் இது கோழியோடு முடிவதன்று. கூடு இல்லாத வீட்டில் கோழி வீட்டுக்குள்ளேயே, கட்டிலடியிலோ அடுப்படியிலோ உறங்குகிறது. சிந்திய தானியத்துக்கு எலி வருகிறது. எலிக்கும் முட்டைக்கும் குஞ்சுக்குமாகப் பாம்பு வருகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்ததாக 2020ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. 2030க்குள் இவ்விறப்புகளைப் பாதியாகக் குறைக்க 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டமும் வெளியிடப்பட்டது. வீட்டிலிருந்து சற்றே தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி, எலி புகாமல் அமைத்த கோழிக்கூடு அச்செயல்திட்டத்துக்கும் உதவும். கால்நடைத் துறையும் நலவாழ்வுத் துறையும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினால் இது புரிந்துவிடும்.

நல்ல கூடு எது என்பதில் மந்திரம் ஏதுமில்லை. எதிரிகளுக்கு நேரம் உண்டு. காவலும் அந்நேரத்தை ஒட்டி அமைய வேண்டும். காகம், பருந்து, வல்லூறு, கீரி பகலில் வருபவை. இவற்றிடமிருந்து காக்கப்பட வேண்டியது முதல் ஆறு முதல் எட்டு வாரக் குஞ்சு. பஞ்சாரமோ, பழைய மீன்வலையை மேலே போர்த்திய சிறு பட்டியோ, ஓடி ஒளியத் தாழ்வான புதரோ அதற்குப் போதும். தாயைக் குஞ்சோடு விடுவது இவை அனைத்திலும் முதன்மையானது. மரநாய், புனுகுப்பூனை இரவில் வருபவை. காட்டுப்பூனை அந்தி சந்தியில் மிகுதியாக உலவும். நாய்க்கு நேரமே இல்லை. இவற்றுக்கு எதிராக வேண்டுவது அரை அங்குலக் கண்கொண்ட பற்றவைத்த கம்பிவலை, முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கிய தளம், வலையால் மூடிய கூரை, மூக்கால் நெம்ப முடியாத தாழ்ப்பாள். தரையிலேயே அமைத்த பட்டியானால் வலையின் அடிப்பகுதியை ஓரடி அகலம் வெளிப்புறமாக மடித்து மண்ணில் புதைக்க வேண்டும். சுவரோரம் தோண்டும் விலங்கின் நகம் வலையில் முட்டி நிற்கும். இறுதியாக, இருட்டுமுன் கதவை மூடும் வழக்கம். இவற்றுள் முன்னவை பணம் கேட்பவை. கடைசியது மட்டுமே கவனம் கேட்பது. நம் கையேடுகள் கடைசியதை மட்டும் பெண்ணுக்குச் சொல்லிவிட்டு, முன்னவற்றுக்கு யார் பணம் தருவது என்பதைச் சொல்லாமல் விடுகின்றன.

ஆகவே என் கோரிக்கைகள். கால்நடைத் துறை, குஞ்சு வழங்கும் ஒவ்வொரு திட்டத்திலும் கூட்டின் செலவை முழுமையாக ஏற்று, வட்டாரத்தின் மரமும் மூங்கிலும் மண்ணும் கொண்டு ஊர்த் தச்சரும் கொல்லரும் செய்யக்கூடிய வடிவங்களை வெளியிட வேண்டும். இன ஆராய்ச்சி நிறுவனங்கள், திறந்தவெளியில் உயிர்பிழைக்கும் விகிதத்தை முட்டை எண்ணிக்கைக்கு அருகிலேயே அச்சிட வேண்டும். அடைகாக்கும் இயல்புள்ள நாட்டுப்பெட்டைகளைக் குறைந்த உற்பத்தி இனமென ஒதுக்காமல், மேம்பட்ட இனத்துக் குஞ்சுகளைத் தத்தெடுத்து வளர்க்கும் தாய்களாகத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். காட்டுயிர்ப் பாதுகாப்பு நிதி, பெரும்பூனைகளின் எல்லையைத் தாண்டி, சிறு ஊனுண்ணிகள் வாழும் ஊர்ப்புறங்களில் கோழிக்கூடு அமைக்கவும் செலவிடப்பட வேண்டும். கால்நடைக் கணக்கெடுப்பு, இருக்கும் பறவையோடு ஓராண்டில் இழந்த பறவையையும் காரணத்தோடு கேட்க வேண்டும்.

மாணவ நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. முதுநிலை ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைவோர் நம்மிடையே பலர். முப்பது வீடுகள், ஓர் ஆண்டு, வாரம் ஒருமுறை குஞ்சு எண்ணிக்கை, கூட்டருகே தானியங்கிப் படக்கருவி சில. எந்த விலங்கு, எந்த மணி, எந்த வயதுக் குஞ்சு, எந்த வகைக் கூடு என்ற நான்கு கேள்விகளுக்கும் உங்கள் மாவட்ட அளவில் நேர்மையான விடை கிடைக்கும். பெரிய நிதி வேண்டியதில்லை. கால்நடை மாணவர் ஒருவரும் காட்டுயிர் மாணவர் ஒருவரும் சேர்ந்து செய்தால், இரு துறையும் ஒன்றையொன்று கைகாட்டித் தப்புவதும் முடிவுக்கு வரும். கேள்வித்தாளை மட்டும் ஆணிடம் நீட்டாதீர்கள். எத்தனை குஞ்சு குறைந்தது என்று அந்த வீட்டில் அறிந்தவர் யார் என்பதை முதலில் விசாரியுங்கள்.

'பராமரிப்பில் கவனம் தேவை' என்ற வரியை இனி எந்த ஆய்வேட்டின் பரிந்துரைப் பகுதியில் கண்டாலும், வாய்மொழித் தேர்வில் அமர்ந்திருப்போர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: யாருடைய கவனம்? விடை, அவ்வீட்டுப் பெண்ணோடு நின்றுவிட்டால் அந்த ஆய்வு இன்னும் முடியவில்லை.